கோயில் ஏன் ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது?

குழு: சுங்கை சிப்புட் தோட்டத்து உறவுகள் (மலேசியா)

அக்கா: வணக்கம் எல்லாருக்கும். நம்ம பாப்பா செஞ்ச தோட்ட வரைபடத்தை யூனில புவியியல் துறை கண்காட்சிக்கு எடுத்துக்கிட்டாங்க 👏 வெள்ளிக்குள்ள ஏ1 தாள்ல அச்சடிச்சுக் கொடுக்கணுமாம்.

கிராணி பெரியப்பா: சபாஷ்மா. ஆனா மாரியம்மன் கோயில் ‘பிளஸ்’ ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதே. அம்மா எப்போ ஆத்தைத் தாண்டுனா?

பாப்பா: அதான் புரியல பெரியப்பா. 1:50,000 தாள்ல உள்ள கட்ட எண்களை அப்படியே கியூஜிஐஎஸ்ங்கிற வரைபட மென்பொருள்ல அடிச்சேன். பிழை 4 மீட்டர்னுதான் காட்டுச்சு.

சர்வேயர் மாமா: ஈபிஎஸ்ஜி எண் என்ன கொடுத்த? அதான், தாள் எந்த அளவை முறையில வரைஞ்சதுன்னு சொல்ற எண்.

பாப்பா: 3375 மாமா

சர்வேயர் மாமா: அங்கதான் மாட்டிக்கிட்ட. 3375 ஜிடிஎம்2000ங்கிற புது அளவை முறை. உன் பழைய தாள் கெர்தாவ்ங்கிற பழைய முறை, ஓரத்துல சின்ன எழுத்துல போட்டிருக்கும் பாரு. ரெண்டுலயும் எண்கள் ஒரே மாதிரி தெரியும், அதனால மென்பொருள் வாயே திறக்காது. ஆனா மொத்தப் படமும் நூறு மீட்டருக்கு மேல தள்ளி உக்காந்துரும். 3168 போடு. அந்த 4 மீட்டர் புள்ளிக்குப் புள்ளி உள்ள பிழை. படமே நகர்ந்ததை அது காட்டாது.

பாப்பா: இன்னொரு தாள், அந்தப் பழைய தோட்டத்துப் பிளான், அதுல கட்டமே இல்லையே? அங்குலத்துக்கு 8 செயின்னு (ஒரு செயின் 66 அடி) மட்டும்தான் இருக்கு.

சர்வேயர் மாமா: அப்போ 1:6,336. தாள்ல 1 மில்லிமீட்டர், தரையில 6 மீட்டருக்கு மேல. இன்னைக்கும் அசையாம இருக்குற புள்ளியா எடு: கல் பாலம், பங்களா மூலை, எல்லைக்கல். ஆத்து வளைவு வேணாம், அது இடம் மாறும். ரயில் கேட்டும் வேணாம், இரட்டைத் தண்டவாளம் போட்டப்போ எல்லாம் போச்சு. 3 புள்ளி கணக்குக்குப் போதும், ஆனா தப்பு தெரியாது. 8 எடு, நாலு மூலைக்கும் பரவலா. செம்பனைக்கு அடியில நின்னு ஜிபிஎஸ் எடுக்காத, வெட்டவெளிக்கு வா.

பாப்பா: தின் பிளேட் ஸ்ப்ளைன்னு படத்தை வளைச்சுப் பொருத்துற முறையைப் போட்டா பிழை பூஜ்யம் வருதே மாமா?

சர்வேயர் மாமா: அது ஏமாத்து வேலைமா 😄 நீ கொடுத்த புள்ளியில படத்தை இழுத்து ஒட்டிரும், தப்பான புள்ளியா இருந்தாலும். முதல் படி பல்லுறுப்பு முறையே போடு, அது படத்தை வளைக்காம மொத்தமாப் பொருத்தும். ரெண்டு புள்ளியைச் சேர்க்காம வெச்சு அதுல சோதிச்சுப் பாரு.

கிராணி பெரியப்பா: பிளான் எந்த வருஷம்னும் பாரும்மா. மலாயா அவசரகாலத்துல, கம்யூனிஸ்ட்டுங்களோட சண்டை நடந்தப்போ, 1950க்குப் பிறகு, பல தோட்டத்துல சிதறிக் கிடந்த லயங்களை, அதான் தொழிலாளர் வீட்டு வரிசைகளை, ஒரே இடத்துல கூட்டி முள்வேலி போட்டாங்க. முன்னாடி லயமும் பின்னாடி லயமும் வேற வேற இடம். ஒரே நிறத்துல போட்டுராத.

பாப்பா: சரி பெரியப்பா, ரெண்டு நிறம்.

சர்வேயர் மாமா: இன்னொன்னு. போஸ்டர்ல 1:6,336னு எழுதாத. பெருசாக்குனா அது பொய்யாயிரும். கோட்டு அளவுகோல் போடு.

பாப்பா: 3168 போட்டாச்சு, கோயில் இக்கரைக்கு வந்துருச்சு 🙏 தனியா வெச்ச ரெண்டு புள்ளியில 9 மீட்டர், 11 மீட்டர்.

சர்வேயர் மாமா: அந்தப் பிளானுக்கு அது நல்ல கணக்கு.

கிராணி பெரியப்பா: வடக்கு மூலையில லயம்னு எழுதியிருக்கியே, அது லயம் இல்லம்மா. லயம்னா நீட்டமா வரிசையா இருக்கும். தனியா சதுரமா இருக்குறது ஆயாக்கொட்டகை, வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களை ஆயா பார்த்துக்குற இடம்.