அம்பாசிடர் ஆயில் சேம்பர் பேக்கிங்: மூன்றாவது தடவைதான் கசிவு நின்றது

மதுரையிலிருந்து:

அப்பா ஓட்டிய 1977 மார்க் 3 அம்பாசிடர் இப்போது என்னிடம் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். ராத்திரி நிறுத்தினால் காலையில் வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கிடக்கும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிதான் சேம்பர்; அதன் விளிம்பில் கசியாமல் அடைப்பது பேக்கிங். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை அந்தப் பேக்கிங்கை மாற்றினேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

அப்புறம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பேக்கிங்கைத் தொடவே இல்லை. கழற்றிய சேம்பரின் விளிம்பில் இரும்பு ஸ்கேலை வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே எல்லாம் வெளிச்சம் தெரிந்தது.

"தம்பி, பேக்கிங் மேல தப்பில்ல. ஆளாளுக்கு இறுக்கி இறுக்கி ஓட்டை ஓரமெல்லாம் எழும்பி நிக்குது. நடுவுல எது அழுத்தும்?"

விளிம்புக்கு அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்து, ஒவ்வொரு ஓட்டையாகச் சின்ன சுத்தியலால் தட்டித் தட்டிச் சமமாக்கினார். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

பேக்கிங் வாங்கும்போது வளைத்துப் பாருங்கள். கடையில் வருஷக்கணக்கில் ஆணியில் தொங்கிய வெறும் கார்க் அப்பளம் மாதிரி ஒடியும். ரப்பர் கலந்த கார்க் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெறும் கார்க்தான் கிடைத்து, சுருங்கி ஓட்டை பொருந்தவில்லை என்றால் வெந்நீரில் ஊறப்போடுங்கள், விரிந்து கொடுக்கும்.

நான் இரண்டு தடவையும் செய்த தவறு ஒன்று உண்டு. முன்னும் பின்னும் மெயின் பேரிங் கேப் (கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மூடி) பள்ளத்தில் உட்காரும் கார்க் பட்டைகளை, அழகாக இருக்கட்டும் என்று பிளேடால் மட்டமாக நறுக்கினேன். நறுக்கக் கூடாது. முனைகள் ஒன்றரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால்தான் மூலையில் அழுந்தி அடைக்கும். பசையும் அந்த நான்கு மூலைகளில் அரிசி அளவு போதும். சுற்றிலும் பூசினால் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் பம்ப் சல்லடையில் போய் அடைக்கும்.

சேம்பரின் இரண்டு பக்கமும் வரும் பேக்கிங்கை நகராமல் இருக்கத் தையல் நூலால் கட்டி ஏற்றினோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். 6 அடி-பவுண்டு போதும். கார்க் லேசாகப் பிதுங்க ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணை, எங்கட ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55க்கும் இதே எஞ்சின்தான். சேம்பரைக் கழற்ற முதல் ஒன்றைப் பாருங்கோ. நான் அடியை மண்ணெண்ணெயால் கழுவி, காயவிட்டு, பவுடர் தூவி, பத்து நிமிடம் ஸ்ராட்டில் விட்டேன். பவுடரில் ஆயில் கோடு இறங்கியது சேம்பர் விளிம்பில் இருந்து இல்லை. மேலே மனிஃபோல்டுக்குக் கீழ் இருக்கிற டப்பெட் மூடியில் (வால்வைத் தள்ளுற டப்பெட்டுகளை மூடுற தகடு) இருந்து. முன்மூடியில்தான் பிரீதர் குழாய், அதாவது எஞ்சின் உள்காற்றை வெளியே விடுற குழாய், இருக்குது. அது கரி பிடித்து அடைபட்டிருந்தது. உள்ளே காற்று முட்டினால் எந்தப் பேக்கிங்கும் தாங்காது.

மதுரையிலிருந்து:

சரி தம்பி, பவுடர் போட்டுப் பார்த்தேன், டப்பெட் மூடி காய்ந்துதான் இருக்கிறது. தூரம் போய் வந்தால் பெல் ஹவுசிங் (எஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச்சை மூடும் கூடு) அடியில் மட்டும் இரண்டு சொட்டு. இந்த எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது, மரை மாதிரி வெட்டிய வரிகள்தான் ஆயிலை உள்ளே திருப்புகின்றன. அந்த இரண்டு சொட்டுக்காக இனி சேம்பரைக் கழற்ற மாட்டேன்.