கார்ட்லெஸ் டிரில்லில் தேய்ந்த கியரை வீட்டிலேயே மாற்றிய அனுபவங்கள்

திருச்சி உறுப்பினர்:

என்னிடம் இருப்பது 12 வோல்ட்டில் இயங்கும், இரண்டு வேகம் கொண்ட கார்ட்லெஸ் டிரில். பக்கத்து வீட்டில் சுவருக்குப் பட்டி பார்த்தபோது அது இரவல் போயிருந்தது. முனையில் கலக்கும் கம்பியை மாட்டி, வாளி வாளியாகப் புட்டி கலந்திருக்கிறார்கள். திரும்பி வந்த கருவியில் மோட்டார் சுற்றும் ஒலி நன்றாகக் கேட்டது, ஆனால் மரத்தில் ஸ்குருவை வைத்து அழுத்தியதும், முனையைக் கவ்விப் பிடிக்கும் சக் நின்றுவிட்டது. பழுது பார்க்கும் கடையில் மோட்டார் போய்விட்டதென்றும் புதிது வாங்குவதே நல்லதென்றும் சொன்னார்கள். தடையின்றிச் சுற்றுகிற மோட்டாரைப் போய்விட்டது என்று சொன்னது எனக்கு ஒப்பவில்லை.

கருவியைத் திறக்குமுன் இரண்டு சோதனைகளைச் செய்துகொள்வது நல்லது. கழுத்தில் எண்கள் போட்ட வளையத்தைத் துளையிடும் படம் உள்ள இடத்துக்குத் திருப்பிவிட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். கடகடவென்ற ஒலி அதன் பிறகு நின்றுவிட்டால் அது, சுமை மிகுந்தால் நழுவிக்கொடுக்கும் கிளட்ச் தன் வேலையைச் செய்த ஒலியே தவிர கியரின் பழுது அன்று. அடுத்து, 1, 2 ஆகிய இரண்டு வேகங்களிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு வேகத்தில் மட்டும் நழுவினால் வேகம் மாற்றும் அமைப்பையும், இரண்டிலும் நழுவினால் மோட்டார் தண்டில் மாட்டிய சிறு கியரான பினியனையோ அதை அடுத்த முதல் கியர் அடுக்கையோ சந்தேகிக்கலாம். என்னுடையது இரண்டிலும் நழுவியது.

இந்தக் கருவிகளின் கியர்பாக்ஸ் அடுக்கடுக்காக அமைந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் நடுவில் ஒரு சிறு கியர், அதைச் சுற்றி ஒரு தட்டின் ஊசிகளில் சுழலும் மூன்று கியர்கள், அவற்றுக்கு வெளியே உட்புறம் பல் வெட்டிய ரிங் கியர் ஆகியவை இருக்கும். மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20,000 சுற்று சுற்றினால், குறைந்த வேகத்தில் சக் சுமார் 400 சுற்றுதான் சுற்றும்; ஐம்பதில் ஒரு பங்காகும் இந்தக் குறைப்பை அடுக்குகள் பகிர்ந்துகொள்கின்றன. முதல் அடுக்கில் வேகம் மிகுதி, விசை குறைவு. எனவே அங்கே ஒலி குறைவதற்காகப் பல தயாரிப்பாளர்கள் பிளாஸ்டிக் கியர்களையே வைக்கிறார்கள். என் கருவியிலும் அப்படித்தான் இருந்தது.

பலரும் முதலில் சக்கைக் கழற்றப் போராடுகிறார்கள், ஆனால் முதல் அடுக்கைப் பார்ப்பதற்கு அது தேவைப்படவில்லை. பேட்டரியை எடுத்துவிட்டு, உடலின் நட்சத்திர முனை ஸ்குருக்களைக் கழற்றிப் பாதி ஓட்டைத் தூக்கினால், மோட்டாரும் கியர்பாக்ஸும் சேர்ந்தே வெளியே வருகின்றன. மோட்டார் பக்கத்துத் தகட்டைத் திருப்பி எடுத்ததும் முதல் அடுக்கு கண்ணெதிரே இருந்தது. மூன்று பிளாஸ்டிக் கியர்களில் இரண்டு பல்லே இல்லாமல் வழவழப்பாக உருகியிருந்தன, மூன்றாவதில் பாதிப் பல் எஞ்சியிருந்தது. உலோகப் பினியனிலும் ரிங் கியரிலும் கீறல்கூட இல்லை.

பல்லெல்லாம் போன கியருக்கு எத்தனை பல் இருந்தது என்பதை எப்படி அறிவது? ரிங் கியரின் பல் எண்ணிக்கையிலிருந்து பினியனின் பல் எண்ணிக்கையைக் கழித்து, வருவதை இரண்டால் வகுத்தால் போதும். எனக்கு ரிங்கில் 48, பினியனில் 12, ஆகவே பினியனைச் சுற்றியுள்ள மூன்று கியர்களுக்கும் தலா 18. சில தயாரிப்புகளில் ஒரு பல் கூட்டியோ குறைத்தோ வைப்பதுண்டு என்பதால் எஞ்சிய மூன்றாவது கியரின் வெளி விட்டத்தையும், தடிமனையும், ஊசி நுழையும் துளையின் விட்டத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்துகொண்டேன். விட்டம் 10 மி.மீ. இருந்தது, 0.5 மாடுல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு) கொண்ட 18 பல் கியருக்கு அதுவே சரியான அளவு. இந்த அளவுகளைச் சொன்ன பிறகுதான் இணையத்தில் உதிரிபாகம் விற்பவர் ஒருவர் பொருத்தமான கியரை அடையாளம் காட்டினார். கருவியின் மாடல் எண்ணை மட்டும் கேட்டு அனுப்புகிறவர்களை நான் நம்புவதில்லை, ஏனென்றால் ஒரே மாடல் எண்ணுக்குள்ளேயே கியர்பாக்ஸ் மாறியிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

உலோகக் கியரும் கிடைத்தது. ஆனாலும் பிளாஸ்டிக்கையே வாங்கினேன். அளவுக்கு மீறிய சுமை வந்தால் மலிவான அந்தக் கியர் போவதே மேல் என்பது என் எண்ணம். சுமையை மூன்றும் பகிர்வதால் மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். உருகிய பிளாஸ்டிக் துகள்கள் கிரீஸோடு கலந்து பின் அடுக்குகள் வரை போயிருந்தன என்பதால் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ நேர்ந்தது. உண்மையில் நேரம் பிடித்தது இந்த வேலைதான். புட்டி போன்ற கெட்டிப் பொருளை இடைவிடாமல் கலக்கும்போது மோட்டார் கொதித்து, அந்தச் சூடு பினியன் வழியாகப் பிளாஸ்டிக்குக்கு இறங்குகிறது. அந்த வேலை தொடருமானால் புதுக் கியரும் அதே கதிக்குத்தான் ஆளாகும் என்பதைப் பக்கத்து வீட்டாரிடமும் பக்குவமாகச் சொல்லியிருக்கிறேன்.

கோவை உறுப்பினர்:

திருச்சி நண்பர் சொன்ன இரண்டு வேகச் சோதனையை நானும் வழிமொழிகிறேன். எங்கள் 18 வோல்ட் கருவி 2-ஆம் வேகத்தில் மட்டுமே நழுவியது. கடையில் முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். திறந்து பார்த்தால் எந்தக் கியரின் பல்லும் தேயவில்லை. வேகம் மாற்றும் பொத்தானை நகர்த்தும்போது, கியர்பாக்ஸைக் கவ்வியிருக்கும் ஒரு வளைகம்பி, நடு அடுக்கின் ரிங் கியரை முன்னும் பின்னும் தள்ளுகிறது. ஒரு பக்கம் போனால் ரிங் கியர் கூட்டோடு பூட்டிக்கொள்ளும், வேகம் குறையும். மறுபக்கம் போனால் அது பக்கத்துத் தட்டோடு பூட்டிக்கொண்டு அந்த அடுக்கே ஒன்றாகச் சுழலும், வேகம் கூடும். எங்கள் கருவியில் கம்பி வளைந்து, ரிங் கியர் பாதி தூரம் மட்டுமே போய், பூட்டும் முனைகளின் விளிம்பு மழுங்கியிருந்தது. கம்பியை மட்டும் நிமிர்த்தினால் மழுங்கிய முனை மறுபடியும் வழுக்கும், ஆகையால் ரிங் கியரையும் கம்பியையும் சேர்த்து மாற்றினேன். சக் சுழன்றுகொண்டிருக்கும்போதே பொத்தானைத் தள்ளுவதால் வரும் சேதம் இது. வீட்டில் யார் அப்படிச் செய்தார்கள் என்று ஆராய்வதால் குடும்ப அமைதிக்கு நன்மை இல்லை.

உறவினர் ஒருவர் கொண்டுவந்த கருவியோ, சூடானால் மட்டும் இரண்டு வேகத்திலும் நழுவியது. மோட்டார் தண்டின் நுனியிலும் பினியனின் முகத்திலும் சேர்த்து மார்க்கரால் ஒரே கோடு இழுத்து, மறுபடி பூட்டிச் சுமையோடு ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தோம். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. பினியன் தண்டின்மேல் தளர்ந்து வழுக்கியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பசை போட்டு ஒட்டலாம் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் சூடேறும் இடத்தில் அதை நம்ப எனக்கு மனமில்லை. அந்த மோட்டாரின் தண்டு 3.17 மி.மீ. தடிமன். பழைய பினியன் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை முதலில் அளந்துகொண்டு, சிறு புல்லரால் அதை இழுத்தெடுத்து, அதே பல் எண்ணிக்கையுள்ள புதியதைப் பெஞ்ச் வைஸில் வைத்து அழுத்தினோம். அழுத்தும்போது தண்டின் பின்நுனிதான் வைஸின் தாடையில் பட வேண்டும். மோட்டாரின் பின் மூடியில் அழுத்தம் விழுந்தால் மூடி உடைந்துவிடும்.

நாகர்கோவில் உறுப்பினர்:

எனக்கும் இதே வேலை காத்திருக்கிறது. பழைய கிரீஸைப் பெட்ரோலில் கழுவலாமா, புதிதாக எந்தக் கிரீஸ் போடுவது, சக்கைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் என்ன வழி என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருச்சி உறுப்பினர்:

பெட்ரோல் வேண்டாம், ஐயா. உலோக பாகங்களுக்கு மண்ணெண்ணெய் போதும். பிளாஸ்டிக் கியர்களைப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்திவிடலாம். இரு சக்கர வாகனக் கடைகளில் பேரிங்குக்குத் தரும் லித்தியம் கிரீஸையே நான் பயன்படுத்தினேன். பல்லில் மெல்லப் பூசினால் போதுமானது. அடைத்து வைத்தால் அது சூட்டில் இளகி மோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் பக்கம் இறங்கிவிடும்.

சக்கைப் பொறுத்தவரை, தாடைகளை முழுவதும் திறந்தால் அடியில் ஒரு ஸ்குரு தெரியும். பெரும்பாலும் அது இடமரை என்பதால் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பிறகு பெரிய, L வடிவ ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைச் சக்கில் இறுக்கி, கருவியைக் குறைந்த வேகத்தில் வைத்து, நீண்ட பக்கத்தை மரச்சுத்தியால் இடஞ்சுழியாக ஓங்கி ஒரு தட்டு தட்டினால் சக்கின் மரை தளரும். அங்கே கழுத்துப் பகுதியில் உருளை வடிவச் சிறு ஊசிகள் தளர்வாக இருக்கக்கூடும், அவை உருண்டோடாமல் இருக்கத் தட்டில் துணி விரித்துக்கொள்ளுங்கள். திரும்ப வைக்கும்போது கிரீஸ் தடவினால் விழாமல் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அடுக்கையும் எடுக்குமுன் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக அடுக்குகளுக்கிடையே வரும் மெல்லிய வாஷர்களை. எல்லாம் பூட்டிய பிறகு சுமையில்லாமல் குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓட்டிவிட்டு கியர்பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் ஒரு வாஷர் இடம் மாறியிருக்கலாம், எடுத்த படங்களோடு ஒப்பிட்டுத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.