தோட்டத்துக் கோயில் திடலா, பட்டணத்து மண்டபமா? பீடோங் பக்கம் 600 பேர் கல்யாணம்

புதுஜோடி:
வணக்கம். நிச்சயம் முடிந்துவிட்டது. பெண் வீடு மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம், மாப்பிள்ளை வீடு பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த். ஐப்பசியில் வைக்கலாம் என்று பேச்சு. 600 பேரை அழைப்போம். கைவசம் இரண்டு இடம். ஒன்று, தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில் கெமா (கூடாரம்) போட்டு காலையில் முகூர்த்தம், மதியம் சைவச் சாப்பாடு. இன்னொன்று, சுங்கைப்பட்டாணியில் ஏர்கோன் மண்டபம், மேசைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ். பெற்றோர் கோயில் என்கிறார்கள். நாங்கள் இருவரும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. செலவு, மழை, கல்யாணப் பதிவு மூன்றையும் வைத்துச் சொல்லுங்கள்.

கித்தாக்காடு:
தங்கச்சி, கோயில் திடல்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு? மண்டபக்காரர் மேசைக்கு 900 வெள்ளி (ரிங்கிட்)ன்னு சொன்னார்னு வைங்க. பத்து பேர் மேசை, 60 மேசை, 54,000. அந்த விலைக்குப் பின்னாடி ரெண்டு பிளஸ் போட்டிருக்கான்னு பாருங்க. இருந்தா சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, வரி 6 விழுக்காடு. 62,000 தாண்டிடும். பேக்கேஜ்ல உறுதி மேசைன்னு ஒரு வரி வேற இருக்கும். 60 உறுதி சொல்லிட்டு 48 தான் நிறைஞ்சாலும் பில்லு 60க்குத்தான். நம்ம ஆளுங்க வர்றேன் வரலேன்னு முன்னாடியே சொல்ற ஜாதியா?

திடல்ல 20க்கு 20 அடி கெமா ஒண்ணுல வட்ட மேசை நாலு, 40 பேர். ரெண்டு பந்தியா வச்சா ஒரே நேரத்துல 300 பேர், அதுக்கு 8 கெமா. மணவறை முன்னாடி உட்கார 2, அடுப்படிக்கு 1, பரிமாற 1. மொத்தம் 12, கதை முடிஞ்சது. தோரணம் கட்ட, காய் நறுக்க, இலை போட கோத்தோங் ரோயோங்குக்கு (எல்லாரும் கூடிச் செய்ற வேலைக்கு) தோட்டத்துல ஆள் கிடைக்கும். பட்டணத்துல அத்தனைக்கும் காசு.

டேவான்தங்கம்:
அண்ணன் கெமா வாடகையோடு கணக்கை மூடிவிட்டார். நான் மீதியை எழுதுகிறேன்.

முதலில் மழை. கெடாவில் ஜனவரி, பிப்ரவரிதான் வறண்ட மாதங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கொட்டும். ஐப்பசி பிறப்பதே அக்டோபர் நடுவில். அந்தப் பருவத்தில் காலை வெளுத்திருக்கும். ஜெராய் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு பிற்பகலில் இறங்கும். அதாவது உங்கள் இரண்டாவது பந்தி நேரத்தில். கெமாவின் கூரை ஒழுகாது. இரண்டு கெமா ஒட்டும் இடத்தில்தான் அருவி மாதிரி ஊற்றும். அந்த இடைவெளிக்குத் தகர வாய்க்கால் போட்டுத் தருவீர்களா என்று கெமாக்காரரிடம் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் போட மாட்டார்கள்.

அடுத்து மின்சாரம். கோயிலிலிருந்து ஒரு 32 ஆம்பியர் இணைப்பு இழுத்தால் கிடைப்பது சுமார் 7 கிலோவாட். பெரிய காற்றாடி 15 வைத்தால் அதுவே 3.75. ஒலிபெருக்கி, மணவறை விளக்கு, அடுப்படி விளக்கு, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் கெட்டிமேளம் கொட்டும்போது பியூஸ் போகும். சத்தமில்லாத ஜென்செட் (ஜெனரேட்டர்) வாடகை, டீசல், ஆள் கூலி. இதை எழுதினீர்களா?

கார். ஒரு காரில் மூன்று பேர் என்றால் 200 கார். நிறுத்தவும் திரும்பவும் காருக்கு 25 சதுர மீட்டர். 5,000 சதுர மீட்டர், ஒன்றேகால் ஏக்கர். திடலில் கெமா நின்றபின் மிச்சம் எங்கே? செம்பனை வரிசைக்குள் விட்டால் முதல் மழையிலேயே சக்கரம் புதையும், அப்புறம் டிராக்டர் வர வேண்டும்.

கித்தாக்காடு:
டிராக்டர்தான் தோட்டத்துலயே இருக்கே லா.

பந்திக்காரர்:
சமையல் பக்கம் மட்டும் சொல்கிறேன், இரண்டு கட்சிக்கும் பொது.

சைவ இலைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி. 600 பேருக்கு 60 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 12 முதல் 15 கிலோ. சாமான் பிரச்சினையே இல்லை, நேரம்தான் பிரச்சினை. காலை 5 மணிக்கு வடித்த சோறு ஒரு மணிப் பந்திக்கு வந்தால் இந்த ஊர் வெக்கையில் புளிப்பு ஏறும். தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டும் துவையலும் அதற்கு முன்பே போய்விடும். ஆகவே சோற்றை இரண்டு தடவையாக வடிக்கச் சொல்லுங்கள். முதல் பந்திக்கு 10 மணிக்கு மேல் ஒன்று, அந்தப் பந்தி உட்கார்ந்ததும் இன்னொன்று. திடலில் இது சுலபம், அடுப்பு பக்கத்திலேயே இருக்கிறது. மண்டபத்துக்கு வெளியிலிருந்து கேட்டரிங் கொண்டுபோனால் பெரும்பாலும் உள்ளே சமைக்க விடமாட்டார்கள். சோறு வேனில் வரும். வேனுக்கும் பந்திக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர். சமையல், கை கழுவ, பாத்திரம் கழுவ என்று ஆளுக்கு 5 லிட்டர் வைத்தால் 3,000 லிட்டர். 400 கேலன் தங்கி (தண்ணீர்த் தொட்டி) ஒன்று சுமார் 1,800 லிட்டர் பிடிக்கும். இரண்டு வேண்டும், முந்தின ராத்திரியே நிரப்பியிருக்க வேண்டும். காலையில் குழாயை நம்பி அடுப்பு மூட்டக்கூடாது. கழிவறைக்கு இது சேராது, அதற்குத் தனி. கோயில் கழிவறை இரண்டு கதவுதான் என்றால், பெண்கள் வரிசை முகூர்த்தத்தைவிட நீளும். வாடகைக்கு நகரும் கழிவறை எடுங்கள், அதைக் காற்று அடுப்படிப் பக்கம் வீசாத திசையில் நிறுத்துங்கள்.

சமைப்பவர்கள் யாராயிருந்தாலும் தடுப்பூசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் முடித்தவர்களா என்று கேளுங்கள். 2009 உணவுத் தூய்மை விதிகளில் அது கட்டாயம். "நம்ம மாமாதான் ஆக்குறார்" என்பது கொத்தமல்லி கிள்ளுவதற்குச் சரி.

பஞ்சாங்கம்:
இடத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், கிழமையை யாரும் கேட்கவில்லை. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கிலும் பேராக்கிலும் சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் பெண் வீட்டுப் பக்கம் பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம் எல்லாம் வேலை. வெள்ளி என்றால் பட்டர்வொர்த்துக்காரர் லீவு போட வேண்டும். இரண்டு பக்கமும் ஓய்வாக இருப்பது சனி ஒன்றுதான். மண்டபத்தில் சனிக்கிழமைக்குத்தான் விலையும் கூட, போட்டியும் கூட.

"சனியா, ஆகாது" என்று பெரியவர்கள் சொன்னால் அது வேறு வழக்கு. ஆனால் "சனி 9 முதல் 10.30 ராகு காலம்" என்று மறுத்தால், அது காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. இங்கே உதயம் 7 மணிக்கு மேல். 7.10 என்று வைத்தால் சனிக்கிழமை ராகு 10.10 முதல் 11.40. இந்தியப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் போதும் என்பது பாதி சரி. திதியும் நட்சத்திரமும் முடியும் நேரத்துக்கு அது பொருந்தும். லக்கினத்துக்குப் பொருந்தாது, சென்னைக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் சூரிய உதயத்தில் ஏறக்குறைய 80 நிமிட வித்தியாசம். ஒரு லக்கினமே சுமார் இரண்டு மணி நேரம்தான். ஆகவே நேரத்தை இந்த ஊர்க் கணக்கில் குறித்து வாங்குங்கள், பிறகு இடத்துக்கு முன்பணம் கட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் மண்டபக்காரர் கொடுத்த நேரத்துக்குள் முகூர்த்தத்தைத் திணிக்க வேண்டி வரும்.

கித்தாக்காடு:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், ஐயா. மண்டபத்துல காலை 8 மணிக்குத்தான் கதவு திறப்பேன்னு சொல்லுவான். முந்தின ராத்திரி அங்க ஒரு டின்னர் இருந்தா மணவறை கட்டுறவன் நடுராத்திரிக்கு மேலதான் உள்ள நுழைவான். ஒழுங்கா ஒரு மணவறை நிக்க ஆறு ஏழு மணி நேரம் வேணும். 9 மணி முகூர்த்தம்னா பூ வச்சு முடிக்கும் முன்னயே பொண்ணு வந்து நிக்கும்.

அப்புறம் ஹோமம். கூரையில புகை உணரும் கருவி இருக்குற ஹாலுல நெய் ஊத்தினா மணி அடிக்கும். சிலர் ஹோமகுண்டமே கூடாதும்பான், சிலர் சின்னதா செங்கல்லும் மணலும் பரப்பின தட்டுல வைங்கம்பான். வாய்ப்பேச்சா விடாதீங்க, எழுதி வாங்குங்க. மேடை ஆழமும் அளக்கணும். மணவறைக்குப் பின்சுவர் போக, அக்கினியைச் சுத்தி வலம் வர, அம்மி வைக்க இடம் வேணும். 10 அடி ஆழம் இல்லாத மேடையில மாப்பிள்ளை வேட்டி நெருப்புல படும். பந்தக்கால் நட தரை கிடையாது, வாளியில மணல் போட்டு நட்டுக்கணும். திடல்ல குழி வெட்டி நேரா நடுவோம்.

டேவான்தங்கம்:
இவை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் கேட்டு வாங்கக்கூடியவை. முந்தின நாள் மதியமே உள்ளே விட என்ன கட்டணம், ஹோமத்துக்கு என்ன நிபந்தனை, வெளிக் கேட்டரிங்குக்கு என்ன தண்டம், எத்தனை மணிக்கு இசையை நிறுத்த வேண்டும் என்று நான்கு கேள்வி. மழையிடம் எழுதி வாங்க முடியுமா?

திடலுக்கும் எழுதி வாங்க வேண்டியது இருக்கிறது. அதை மறந்துவிட்டீர்கள். கோயில் கமிட்டி சரி என்றால் மட்டும் போதாது. நிலம் தோட்டக் கம்பெனியுடையது என்றால் மேனேஜர் அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும். அதில் தேதியோடு கெமா லோரி உள்ளே வரும் நேரம், ஜென்செட், கேட்டில் ஜாகா (காவலாளி) எத்தனை மணி வரை கார்களை விடுவார் என்பதும் இருக்க வேண்டும். சனிக்கிழமை காய் ஏற்றும் லோரிகள் ஓடுமா என்றும் கேளுங்கள். ஒற்றை மண் சாலையில் செம்பனைக் காய் லோரியும் மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸும் நேருக்கு நேர் வந்தால் பின்வாங்கப் போவது பஸ்தான்.

புதுஜோடி:
நன்றி. நடுவழி ஒன்று யோசித்தோம். தாலி கோயிலில், சாப்பாடு மட்டும் சுங்கைப்பட்டாணி மண்டபத்தில். எப்படி? பதிவைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

பந்திக்காரர்:
இரண்டு இடம் என்றால் இரண்டு வாடகை, இரண்டு அலங்காரம். கெமாச் செலவும் முழுதாகப் போகாது, மணவறைக்கு அது வேண்டும்தானே. கோயிலுக்கு வந்தவர்களில் பலர் தாலி கட்டியதும் மொய் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போவார்கள், அதே நேரத்தில் மண்டபத்துக்கு நேராக வந்தவர்கள் காத்திருப்பார்கள். எத்தனை இலை என்று எந்தச் சமையல்காரராலும் சொல்ல முடியாது. பிரிப்பதென்றால் நாளைப் பிரியுங்கள். கோயிலில் நெருங்கிய சொந்தம் 150 பேர், நாலைந்து கெமா, சைவம். ஒரு வாரம் தள்ளி மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இரவு டின்னர், அசைவம். கோயில் திடலில் இறைச்சி ஆகாது என்ற பிரச்சினையும் அதோடு போகும். நகராண்மைக் கழக டேவான் (மண்டபம்) எடுத்தால் மது, பன்றி இறைச்சிக்குப் பெரும்பாலும் தடை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கம்:
பதிவு. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 1976 திருமண, மணமுறிவுச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்கள் கல்யாணம் பதிவதிகாரி முன்னால் நடக்க வேண்டும். சில கோயில்களில் துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர் இருப்பார். அங்கே சடங்கையும் பதிவையும் ஒன்றாக முடிக்கலாம். சிறிய தோட்டத்துக் கோயிலில் இதை எதிர்பார்க்காதீர்கள், கமிட்டியிடம் நியமனக் கடிதத்தையே காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தேசியப் பதிவிலாகாவில் முன்கூட்டியே பதிந்துவிட்டு, சடங்கை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். விண்ணப்பம் கொடுத்து 21 நாள் கழியவேண்டும், கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். "அடுத்த வாரம் போய்ப் பதிந்துகொள்வோம்" என்பது நடக்காது. இதனால் மண்டபமா திடலா என்பதில் எந்த வித்தியாசமும் இல்லை, இரண்டிலும் பதிவு தனி வேலைதான்.

புதுஜோடி:
அப்படியானால் ஐப்பசியை விட்டுத் தைக்குத் தள்ளினால்? வீட்டில் அதற்கும் சம்மதம்.

டேவான்தங்கம்:
தை என்றால் மழைப் பயம் பெரிதும் குறையும். ஆனால் தைப்பூசம் அந்த மாதத்தில்தான், சீனப் புத்தாண்டும் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரத்தில் காய்கறி விலை ஏறும், சீனர் நடத்தும் கெமாக் கடை, ஜென்செட் கடை மூடியிருக்கும். மேளக்காரரைப் பூசத்தை ஒட்டிய நாட்களில் பிடிக்கவே முடியாது. இரண்டுக்கும் தள்ளி ஒரு சனி பாருங்கள்.

கித்தாக்காடு:
தைன்னா நம்ம கட்சி ஜெயிச்ச மாதிரிதான். திடல் காஞ்சு கெட்டியா கிடக்கும், கார் 200 இல்ல 250 கூட நிறுத்தலாம். ஒன்றேகால் ஏக்கர் கணக்கெல்லாம் ஈரத் திடலுக்கு.

டேவான்தங்கம்:
ஏக்கர் கணக்குக்கு ஈரம் காய்ந்தது எல்லாம் ஒன்றுதான், அண்ணே. வறண்ட மாதத்தில் குழாயின் கடைசியில் இருக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் அழுத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லவில்லையே. சனிக்கிழமை காலை 6 மணிக்கு அங்கே ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று தங்கச்சி போய்ப் பார்த்து வரட்டும், அப்புறம் ஜெயிக்கலாம்.