மார்புக் காம்பில் கசிவு: உங்களுக்கு என்ன நடந்தது?

வெண்தாழை
கட்டி இல்லை, வலி இல்லை. உள்ளாடையில் இடது பக்கம் மட்டும் பழுப்பாக ஒரு கறை. துவைத்தால் போய்விடும், சில நாள் கழித்துத் திரும்ப வரும். நான் அமுக்கிப் பார்க்கவே இல்லை, தானாகத்தான் வந்தது.

டாக்டர் செய்ததுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காம்பைச் சுற்றிய கருவட்டத்தைக் கடிகார முகம் மாதிரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் விரலை நகர்த்தி மெல்ல அழுத்தினார். பன்னிரண்டில் ஒன்றுமில்லை, ஒன்றில் இல்லை, இரண்டில் இல்லை. நான்கில் விரல் பட்டதும் ஒரே ஒரு துளையிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு எழும்பி நின்றது. அதை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்து, "ஒரே குழாய்தான்" என்றார். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேமோகிராமில் எதுவும் தெரியவில்லை. ஸ்கேனில்தான் காம்புக்குப் பக்கத்தில் குழாய்க்குள் சின்ன வளர்ச்சி இருப்பது தெரிந்தது. சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், பிறகு அந்தக் குழாயையே அகற்றினார்கள். பாப்பிலோமா. புற்றுநோய் இல்லை. ரத்தக் கசிவுக்கு அதிகம் காரணமாவது இதுதானாம். ஆனால் எடுத்துப் பார்க்கும் வரை யாராலும் அப்படி உறுதி சொல்ல முடியவில்லை.

இரவுப்பணி
எனக்கு வந்தது பால். இரண்டு பக்கமும். கல்யாணமே ஆகவில்லை.

"கர்ப்பமா இருக்கீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்து நாற்காலியில் அம்மா. சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வரும் வரை அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. முடிவு 'இல்லை' என்று வந்த பிறகு, "நான் அப்படி எதுவும் நினைக்கலடி" என்றாள். அதற்குப் பேசாமலேயே இருந்திருக்கலாம்.

காரணம் என் கைப்பையில் இருந்தது. வயிற்று உப்பசத்துக்காக டோம்பெரிடோன் மாத்திரையை நீண்ட நாளாக விழுங்கிக்கொண்டிருந்தேன். அது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றிவிடுமாம். டாக்டர் சொல்லி நிறுத்தியதும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிட்டது. தைராய்டு குறைந்தாலும் இப்படி வரலாம் என்று அதையும் பார்த்தார்கள். எனக்கு அதில் குறையில்லை.

கோடைமழை
ஐம்பது தாண்டியவள் நான். இரண்டு பக்கமும் பல துளைகளிலிருந்து பிசுபிசுவென்று பச்சையாக வந்தது. வயதாக ஆகக் குழாய்கள் விரிவதால் வருவது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுவிட்டார்கள். என் கதை இவ்வளவுதான்.

இப்போது பெண்களே, கேளுங்கள். முதலில், வருகிறதா வருகிறதா என்று அமுக்கிப் பார்ப்பதை விடுங்கள். அமுக்க அமுக்கச் சுரக்கத்தான் செய்யும். அமுக்கினால் மட்டும் வருவதையும் தானாக வருவதையும் டாக்டர்கள் வேறு வேறாகத்தான் பார்க்கிறார்கள். எந்தப் பக்கம், என்ன நிறம், தானாக வந்ததா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கறை பட்ட துணியையே கொண்டுபோய்க் காட்டலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றின் அட்டையும் கையில் இருக்கட்டும், மனநல மாத்திரை உட்பட. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல், மார்பு சிவத்தல், சீழ் என்றால் அன்றைக்கே போய்விடுங்கள். புகைபிடிப்பவர்களுக்குக் காம்படிக் குழாய்களில் அழற்சி வருவது அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு மார்பில் பால் கட்டியிருந்தால் பிதுக்காதீர்கள், தானாக வடிந்துவிடும். பச்சை, கறுப்பு என்றால் பயம் வேண்டாம். சிவப்பு என்றால்தான் ஓட வேண்டும்.

மறுபக்கம்
ஆண்கள் யாருமே எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். வரவேற்பில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி "பேஷன்ட் உங்க மனைவிதானே, அவங்க எங்க சார்?" என்றார். நான்தான் என்று சொன்னபோது திரும்பிய தலைகளை மறக்க முடியவில்லை.

சட்டையில் பால் மாதிரி ஈரம். அதற்கு முன்பே தலைவலி இருந்தது, நடக்கும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வேன். பக்கவாட்டுப் பார்வை குறைந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. எம்ஆர்ஐ எடுத்ததில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, புரோலாக்டினைச் சுரக்கும் வகை. அறுவை சிகிச்சை இல்லாமல் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கி வருகிறது. ஆணுக்குக் காம்பிலிருந்து எது வந்தாலும், எந்த நிறமானாலும், காட்டியே ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

வெண்தாழை
கோடைமழை அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சிவப்பு என்றால்தான் ஓட வேண்டும் என்பது சரியில்லை. தண்ணீர் போல நிறமே இல்லாமல் ஒரு துளையிலிருந்து தானாக வந்தால் அதையும் ரத்தத்துக்குச் சமமாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு பக்கமா, ஒரு துளையா, தானாக வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி, நிறம் அப்புறம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு யாராவது "தண்ணிதானே" என்று இருந்துவிடக் கூடாது.

குட்டிநிலா
எனக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ரத்தம் கலந்து வந்தது, இரண்டு பக்கமும். ராத்திரி முழுக்கக் கூகுளில் தேடித் தேடி அழுதேன். மார்பு வேகமாக வளரும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிவதால் வருவது என்று ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். பிரசவமாகிச் சில நாளில் முதல் பாலோடு நின்றுவிட்டது. தாய்ப்பால் கொடுக்கவும் தடை சொல்லவில்லை.

கோடைமழை
வெண்தாழை, நிறம் பார்த்துத்தான் எனக்குச் சொன்னார்கள், நான் அதைத்தான் எழுதினேன். இரண்டு பக்கமும் பல துளையும் என்று முதல் வரியிலேயே இருக்கிறது, படித்துப் பாருங்கள். நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்களே! ஒரு காம்பில் மட்டும் தோல் செதில் செதிலாக உரிந்து, அரித்து, களிம்பு போட்டும் ஆறாமல் இருந்தால், கசிவு இல்லாவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். பேஜெட் நோய் என்று ஒன்று உண்டு, காம்பில் வரும் ஒரு வகைப் புற்றுநோய், பார்க்க வெறும் தோல் அரிப்பு போலவே இருக்கும். சின்னத் துண்டு தோல் எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.