ஏற்காட்டுல புது டவர்: நரம்புக்குக் கெடுதலா, இல்லையா?

நாகலூர்க்காரன்:
எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல செல்போன் டவர் போட இடம் பார்த்துட்டுப் போயிருக்காங்க. நரம்பு கெட்டுடும்னு மனு எழுதி, நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். சின்னப் பிள்ளைங்களுக்கு மண்டையோடு மெல்லிசு, மூளை நரம்பு இன்னும் வளர்ற வயசு. மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
தம்பி, அந்த மனுவை வாபஸ் வாங்குங்க. எக்ஸ்ரே மாதிரி அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிச்சு எடுக்கற சக்தி இந்த அலைக்குக் கிடையாது. இதால திசு சூடாகும், நிச்சயமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். டவருக்கு நம்ம நாட்டு வரம்பு 2012 செப்டம்பர்ல இருந்து பன்னாட்டு வரம்புல பத்துல ஒரு பங்கு. பயப்பட வேண்டியது காதுல வைக்கிற போனுக்கு. போன மாசம் உங்க மலையில அக்கா வீட்டுல, சில்வர் ஓக் மரத்தடியில நின்னு ஒரே புள்ளி சிக்னல்ல இருபது நிமிஷம் பேசினேன். காது மடல் சுட்டுச்சு. டவர் தூரமானா போன் முழு பலத்தோட கத்தியாகணும், கிட்ட இருந்தா முனகினாலே போதும்.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
காது சுட்டதுல பேட்டரிக்கும் பங்கு உண்டுங்க சார், அதை வச்சு அலையை எடை போடாதீங்க. சூடு மட்டும்தான்னும் முடிச்சுடாதீங்க. 2011ல அமெரிக்காவுல 47 பேர் காதுல 50 நிமிஷம் போனை ஆன்ல வச்சுப் பார்த்தாங்க. ஆண்டெனா ஒட்டின மூளைப் பகுதியில குளுக்கோஸ் செலவு 7 சதவீதம் கூடியிருந்துச்சு. 2018ல வந்த அமெரிக்க அரசு ஆய்வுல ஆண் எலிகளுக்கு இதயத்துல ஷ்வான் செல் கட்டி. ஷ்வான் செல்லுங்கறது நரம்புக்கு உறை போடற செல். அப்புறம் எப்படி நரம்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்வீங்க?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அந்த எலிகளுக்கு உடம்பு முழுக்க, தினம் 9 மணி நேரம், ரெண்டு வருஷம் அலை அடிச்சாங்க. அலை பட்ட ஆண் எலிங்க, படாததை விட அதிக நாள் உயிரோட இருந்துச்சு. அதையும் சேர்த்துச் சொல்லணும். குளுக்கோஸ் கூடினது கெடுதல்னு அந்த ஆய்வே சொல்லல. 2024ல உலக சுகாதார நிறுவனம் கேட்டு நடந்த தொகுப்பாய்வுலயும் மூளைப் புற்றுநோய்க்கும் போனுக்கும் தொடர்பு தெரியல.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
நான் புற்றுநோயைப் பத்திக் கேக்கலைங்க. பத்தாவது படிக்கிற எம்பொண்ணு போனைத் தலையணைக்கு அடியில வச்சுத் தூங்குது. காலையில எழுப்பினா முகம் தெளியறதே இல்ல.

அம்மாபேட்டை நர்ஸ்:
அண்ணா, நைட் டூட்டி பார்க்கறவ சொல்றேன். தூக்கத்தைக் கெடுக்கறது பெரும்பாலும் வெளிச்சமும் ராத்திரி பன்னெண்டு மணி ரீல்ஸும். போனை ஹாலுல சார்ஜ் போட வையுங்க, அலையும் சேர்ந்தே விலகிடும். நீண்ட பேச்சுக்கு இயர்போன் வாங்கிக் குடுங்க. நாகலூர் அண்ணா, சிக்னல் இல்லாம 108க்குப் பேச முடியாதவங்க படற பாட்டையும் யோசிங்க.

நாகலூர்க்காரன்:
யோசிக்காம இல்லம்மா. எங்க அம்மாவுக்கு மூச்சுத் திணறினப்ப, நான் பாறை மேல ஏறி நின்னுதான் 108க்குப் பேசினேன். ஆனா கையெழுத்தை எடுக்கப் போறதில்ல, மனுவை மாத்தி எழுதறோம். பள்ளிக்கூடத்தை விட்டுத் தள்ளிப் போடணும், போட்டதும் வகுப்பறையில அலையை அளந்து ஊர்க்காரங்க முன்னாடி காட்டணும்.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
அளக்கறது ஒரு நாளோட நிக்கக் கூடாது தம்பி, வருஷா வருஷம்னு எழுதுங்க.