யூஏபிஐ ஹெட்டருக்கு ‘வெளித்தலைப்பு’ சரிவருமா?

வணக்கம்,

லினக்ஸின் கருவான கெர்னலும், வன்பொருளை ஓட்டும் அதன் டிரைவர்களும் பயனர் நிரல்களுக்குக் காட்டும் அறிவிப்புக் கோப்புதான் யூஏபிஐ ஹெட்டர். நம் சொற்பட்டியலில் அதற்கு ‘வெளித்தலைப்பு’ என்று போடலாம் என்பது என் யோசனை. வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘வெளியிட்ட தலைப்பு’ போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாதுங்க. ‘வெளியீடு’ ஏற்கெனவே ரிலீஸ், அவுட்புட் இரண்டுக்கும் மாடாக உழைக்கிறது. நேற்று ஒருவர் எழுதிய ‘புறங்காட்டிய தலைப்பு’ இன்னும் ஆபத்து. புறங்காட்டுவது போர்க்களத்தில் முதுகைக் காட்டி ஓடுவது. நம் டிரைவர் அவ்வளவு மோசமில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். டிரைவர் ஹெட்டரில் இரண்டு சரக்கு உண்டு. பயனர் நிரல் டிரைவரோடு பேசத் தேவையான ஐஆக்டில் (டிரைவருக்கு இடும் கட்டளை) எண்களும், அவற்றோடு போய்வரும் ஸ்ட்ரக்ட்களும் (தரவுத் தொகுப்புகள்) ஒன்று. ரெஜிஸ்டர் (சிப்பின் உள் நினைவிடம்) முகவரி, லாக், பஃபர் கணக்கு என்று டிரைவரின் வீட்டு விஷயம் மற்றொன்று. முன்பெல்லாம் லினக்ஸில் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு, நடுவே இஃப்டெஃப் என்னும் நிபந்தனை வரியால் வேலி கட்டியிருந்தார்கள். 2012-இல் கெர்னல் நிரலாளர் டேவிட் ஹவல்ஸ் பிரித்துக் கொடுத்தார், 3.7 கெர்னலிலிருந்து முதல் சரக்குக்கு யூஏபிஐ என்று தனி அடைவு.

அங்கே வைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. யாரோ ஒருவருடைய நிரல் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். நான் இதில் சூடுபட்டவன். காசிமேட்டில் ஓர் ஐஸ் கிடங்கு. வெப்பநிலை பார்க்கும் சின்ன போர்டுக்கு டிரைவர் எழுதினேன். சோதிக்க வசதியாக இருக்கட்டும் என்று ரெஜிஸ்டர் முகவரிகளையும், முகவரி கொடுத்தால் படித்துத் தரும் ஐஆக்டில் ஒன்றையும் ஹெட்டரில் விட்டுவைத்தேன். திரையில் அளவு காட்டும் நிரலை எழுதிய தம்பி நேரே அவற்றையே பிடித்துக்கொண்டான். அடுத்த சிப்பில் முகவரிகள் இடம் மாறின. பழைய முகவரி வந்தால் புதியதற்கு மாற்றிவிடும் அட்டவணை ஒன்று இன்றும் என் டிரைவரில் கிடக்கிறது. போதாக்குறைக்கு ஸ்ட்ரக்டில் ‘லாங்’ என்ற எண் வகை வேறு; 32 பிட்டில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட். யூ32, யூ64 என்று அளவு குறித்த வகையைப் போட்டிருக்க வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘தலைப்பு’ என்றாலே கட்டுரைத் தலைப்பு ஞாபகம் வருகிறது என்று சிலருக்குக் குறை. எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வந்து கேளுங்கள், புடவைக்கும் தலைப்பு உண்டு. கடைக்காரர் விரித்துத் தோளில் போட்டுக் காட்டுவது வெளியே தெரியும் தலைப்பு. இடுப்பில் செருகும் உள்முனையை யாருக்கும் காட்டுவதில்லை. அதனால் யூஏபிஐ ஹெட்டர் ‘வெளித்தலைப்பு’, கெர்னலுக்குள் மட்டும் புழங்குவது ‘உள்தலைப்பு’.

> ‘பயனர் வெளி’யில் (யூசர் ஸ்பேஸ், பயனர் நிரல்கள் ஓடும் இடம்) வரும் வெளியோடு குழம்பாதா?

குழம்பட்டுமே. வெளியே தெரியும் தலைப்பு என்று பிரித்தாலும், பயனர் வெளிக்கான தலைப்பு என்று பிரித்தாலும் கைக்கு வருவது அதே கோப்புதான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “ரெஜிஸ்டர் முகவரிகளை உள்தலைப்புக்கு மாற்றவும், வெளித்தலைப்பில் ஐஆக்டில் எண்களும் அவற்றின் ஸ்ட்ரக்ட்களும் மட்டும் போதும்.” எனக்கு உறுத்தவில்லை.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ஐஆக்டிலுக்குத் தமிழ் தேடும் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.