அம்மாவ சமணர் மலைக்கு கூட்டிட்டு போகணும், போனவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை மதுரை பக்கத்துல இருக்குற கீழக்குயில்குடி சமணர் மலைக்கு அம்மாவ கூட்டிட்டு போலாம்னு இருக்கேன், ஒரு முழு நாளும் அங்கயே இருக்கணும்னு ஆச. நான் காலேஜ் படிக்கிறப்ப ஒருதடவ ஏறுனது, அப்ப எடுத்த போட்டோல, மலை மேல பேச்சிப்பள்ளம்ங்கிற எடத்துல வரிசையா இருக்குற எட்டு சிற்பத்தையும் பாத்துட்டு அம்மா, "அந்த பாம்பு கொட பிடிச்ச சாமிய நேர்ல பாக்கணும்டா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அது பார்சுவநாதர்மா, சமணர்கள் கும்பிடுற தீர்த்தங்கரர்கள்ல ஒருத்தர், ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும், கீழ இருக்குறது வட்டெழுத்துங்கிற பழைய தமிழ் எழுத்துன்னு சொன்னதுல இருந்து இன்னும் ஆர்வம் கூடிப்போச்சு.

பிரச்சன என்னன்னா அம்மாவுக்கு 63 வயசு, முட்டி வலி வேற. படில ஏறிருவாங்க, ஆனா எறங்குறப்பதான் ரொம்ப சிரமப்படுவாங்க, பாறைல வெட்டுன படி ஒண்ணு ஒசரமா ஒண்ணு தாழ்வா இருந்ததா ஞாபகம். இப்ப பிடிச்சு ஏற கம்பி முழுசா இருக்கா? வயசானவங்கள கூட்டிட்டு போனவங்க எவ்வளவு நேரத்துல ஏறுனீங்க?

முடியலேன்னா அதே மலைல இருக்குற செட்டிப்புடவு குகைய மட்டும் காட்டிரலாமா? அந்த பெரிய தீர்த்தங்கரரும், குகைக்குள்ள சிங்கத்து மேல உக்காந்து யானையோட சண்ட போடுற அம்மனும் பாத்தாலே அவங்க மனசு நெறஞ்சிரும்.

வெயிலுக்கு முன்னாடி காலைல ஆறரைக்கே ஏற விடுவாங்களா? சாப்பாடு கட்டிட்டு வந்து கீழ தாமரைக் கொளத்துக்கிட்ட ஆலமரத்தடில உக்காந்து சாப்பிடலாம்னு இருக்கோம், பக்கத்துல பாத்ரூம் வசதி உண்டா? பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து பஸ் எத்தன மணிக்குன்னு தெரிஞ்சாலும் சொல்லுங்க, இல்லேன்னா ஆட்டோதான் பேசணும்.